வெண்கல வேந்தனுக்கு மாலை. வாழும் குடிக்குத் துப்பாக்கிச் சூடு!

ஆளவந்தோருக்கு இறந்துபோனவர்கள்மீது எக்காலமும் தனி அன்பு உண்டு. இறந்தவன் காணி கேட்கமாட்டான். ஆற்றுநீரிற் பங்கு கேட்கமாட்டான். தன் வழக்கைத் தன் மொழியிலே விசாரிக்கவேண்டும், தன் பிள்ளைக்குத் தாய்மொழியிலே பாடஞ் சொல்லவேண்டும் என்று மனுக் கொடுக்கமாட்டான். ஆதலால் அவனுக்குச் சிலை எழுப்பலாம். ஆண்டுக்கொரு முறை மாலை சூட்டலாம். அவன் வீரத்தைப் புகழ்ந்து மணிக்கணக்கிற் பேசலாம். அவனுடைய வழித்தோன்றல்கள் உயிரோடு வந்து வாசலிலே நின்று, "எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்கும்போதுதான் ஆளவந்தோரின் முகம் கோணுகிறது; மாலை பிடித்த கை துப்பாக்கியைத் தேடுகிறது.

இவ்வுண்மையை வெண்கலத்தில் வார்த்து, எல்லோரும் காணும்படி நடுச்சந்தியிலே நிறுத்தியிருக்கும் நகரம் ஒன்று உண்டு. அதுதான் மெக்சிக்கோ நாட்டின் தலைநகராகிய மெக்சிக்கோ நகரம். அங்கே ரிபோர்மா பெருஞ்சாலையும் இன்சுர்ஹெந்தஸ் சாலையும் சந்திக்கும் இடத்திலே, அஸ்டெக் மக்களின் கடைசி வேந்தன் குவாத்தேமொக் உயர்ந்த பீடத்தின்மீது ஈட்டி ஏந்தி நிற்கிறான். அச்சிலையின் அடியிலே நாம் நின்றோம். அதனைச் சுற்றிவந்து பார்த்தோம். அதன் அழகைப் பற்றிச் சொல்வதற்கு வழிகாட்டி நூல்கள் பல உள. அவை சொல்லாமல் விட்டதைச் சொல்வதே நமது நோக்கம்.

யார் இந்தக் குவாத்தேமொக்?

இன்று மெக்சிக்கோ நகரம் இருக்கும் இடத்திலே, அன்று ஏரியின் நடுவே தெனோச்தித்லான் என்னும் மாநகரம் இருந்தது. 1519ஆம் ஆண்டிலே ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்ட்டெஸ் அந்நாட்டுக் கரையில் இறங்கினான். வரவேற்ற மன்னன் மொக்தெசுமா சிறைப்பட்டு மாண்டான். அவனுக்குப் பின்வந்த குயித்லாவாக், வந்தேறிகளோடு வந்த பெரியம்மை நோய்க்கு 1520இல் இரையானான். நோயும் போரும் நகரத்தைத் தின்றுகொண்டிருந்த வேளையிலே அரசேற்றவன்தான் இளைஞனாகிய குவாத்தேமொக்.

முடிசூடியபோது அவனுக்குக் கிடைத்தது இன்பவாழ்வன்று, முற்றுகை. ஸ்பானியர் நகருக்கு வரும் குடிநீர்க் காலை உடைத்தனர். ஏரியிலே போர்ப்படகுகளை மிதக்கவிட்டு உணவு வரும் வழிகளை அடைத்தனர். ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் அம்மக்கள் தெருத்தெருவாக, வீடுவீடாக நின்று போரிட்டனர். 1521 ஆகத்து 13இல் நகரம் வீழ்ந்தது; மன்னன் பிடிபட்டான். பிடித்தவர்கள் அவனிடம் கேட்டது ஒன்றே: பொன் எங்கே? கிடைத்த பொன் போதாமையால், அவனையும் த்லாகோபான் அரசன் தெத்லெபான்கெத்சலையும் கட்டிவைத்துப் பாதங்களில் எண்ணெய் தடவி நெருப்பிலே வாட்டினார்கள். பின்னர் ஹொண்டுராஸ் நாட்டை நோக்கிச் சென்ற படையெடுப்பின்போது அவனைக் கைதியாகவே இழுத்துச் சென்ற கோர்ட்டெஸ், சதி செய்தான் என்று குற்றஞ்சாட்டி, 1525 பெப்ருவரியில் வழியிலேயே தூக்கிலிட்டான். அக்கொலை நீதியற்றது என்று கோர்ட்டெஸின் படையிலே சேவித்த பெர்னால் டியாஸ் என்பவனே பின்னாளில் எழுதிவைத்தான். எதிரியின் போர்வீரனே ஏற்றுக்கொண்ட அநீதி அது!

இத்தகைய ஒருவனுக்குச் சிலை வேண்டாம் என்று யார் சொல்வார்? நாமும் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. இந்தச் சிலையை யார் வைத்தார்கள்? எப்போது வைத்தார்கள்? வைத்த அதே கையினால் வேறு என்ன செய்தார்கள்?

சிலை வைத்தவரின் செய்கை

1876ஆம் ஆண்டிலே படைபலத்தால் ஆட்சியைப் பிடித்த போர்பிரியோ டியாஸ், இடையே நான்கு ஆண்டுகள் நீங்கலாக, 1911 வரை மெக்சிக்கோவைத் தன் கைப்பிடியில் வைத்திருந்தவர். அவரது அமைச்சர் விசெந்தே ரீவா பலாசியோ 1877இல் இச்சிலைக்குத் திட்டம் வகுத்தார். பொறியியலாளர் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் வடிவம் வரைந்தார். மிகேல் நொரேஞா சிலையை வார்த்தார். 1887 ஆகத்து 21இல் டியாஸ் ஆட்சியின் கீழ்ச் சிலை திறந்துவைக்கப்பட்டது.

பீடத்திலே பழைய கோவில்களின் சாய்சுவரும் சித்திர வேலையும் அழகாக அமைந்துள்ளன. குவாத்தேமொக்கோடு நின்று தாய்நாட்டுக்காகப் பொருதவர்களின் நினைவுக்கு இது காணிக்கை என்று பொறித்திருக்கிறார்கள். நான்கு பக்கங்களிலும் நான்கு அரசர் பெயர்கள். ஒரு பக்கப் புடைப்புச் சிற்பத்திலே மன்னன் கைதியாகக் கோர்ட்டெஸின் முன் நிற்கிறான். காப்ரியேல் கெர்ரா செதுக்கிய மற்றொன்றிலே அவன் பாதங்களை நெருப்பிலே வாட்டுகிறார்கள். அதன் முன் நிற்பவன் நெஞ்சு பதறாமல் இருக்கமுடியாது. செய்தவன் சிறந்த கலைஞன் என்பதில் ஐயமில்லை.

ஆனால், வாசகரே, அந்த 1887ஆம் ஆண்டை மறந்துவிடாதீர். அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, சிலை திறப்பதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்னே, அதே நாட்டின் வடமேற்கிலுள்ள சொனோரா மாநிலத்திலே இன்னொரு பழங்குடித் தலைவன் பிடிபட்டான். யாக்கி மக்களின் தலைவனாகிய கஹேமே என்பவன் அவன். மெக்சிக்கோப் படையிலேயே சேவித்தவன். பிறகு தன் மக்களின் ஆற்றங்கரைக் காணிகளைக் காப்பதற்காக அவர்களை ஒன்றுதிரட்டி, ஆண்டுக்கணக்கில் அரசபடையை எதிர்த்து நின்றவன். பிடித்தவர்கள் அவனைச் சுட்டுக்கொன்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். 1525இல் தன் நாட்டைக் காத்த தலைவனைக் கைதியாக்கிக் கொன்றவன் ஸ்பானியன். அது அநீதி என்று வெண்கலத்தில் வார்க்கிறார்கள். 1887இல் தன் காணியைக் காத்த தலைவனைக் கைதியாக்கிக் கொன்றவர்கள் டியாஸின் படையினர். அது நாட்டின் முன்னேற்றம் என்று கணக்கில் எழுதுகிறார்கள். முன்னவன் தேசவீரன், பின்னவன் கலகக்காரன். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? ஒருவன் இறந்து முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மற்றவனின் காணி அப்போதும் விளைந்துகொண்டிருந்தது. வேறு வேறுபாடு எமக்குத் தெரியவில்லை!

கஹேமே ஒருவனோடு முடிந்ததா? 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில அளவைக் கம்பனிகள் நாடெங்கும் இறங்கின. உறுதி இல்லாத நிலத்தை அளந்து கொடுத்தால் அளந்ததில் மூன்றில் ஒரு பங்கு கம்பனிக்கே சொந்தம்! தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்ட கிராமத்தானிடம் உறுதி ஏது? அவன் பாட்டன் எழுதிய உறுதி வயலிலே ஏர்க்காலால் எழுதியதுதானே! சட்டம் அவன் நிலத்தை வெற்றுநிலம் என்றது. அவன் வெறுங்கையோடு நின்றான். எதிர்த்துநின்ற யாக்கி மக்களை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆயிரக்கணக்கில் பிடித்து, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நாட்டின் மறுகோடியிலுள்ள யுக்கத்தான் கற்றாழைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பினார்கள். கயிற்றுநார் உரிக்கும் அத்தோட்டங்களிலே அவர்களுட் பலர் மாண்டனர். அதே காலத்தில் தலைநகரிலே குவாத்தேமொக்கின் பாதத்தில் மலர் குவிந்துகொண்டிருந்தது.

நெருப்பிலே வாடிய அந்தப் பாதங்களுக்கு மலர். தோட்டத்திலே வெடித்த இந்தப் பாதங்களுக்குச் சவுக்கு. இதுதான் டியாஸ் செய்த மரியாதை.

உரோமன் உடுத்திய அஸ்டெக்

சிலையை ஊன்றி நோக்குவோர்க்கு இன்னுமோர் உண்மை புலப்படும். தோளிலே முடிந்து தொங்கும் மேலாடை உரோமானியத் தளபதியின் ஆடைபோல மடிந்து விழுகிறது. நிற்கும் நிலையும் ஐரோப்பியக் கலைக்கூடத்திலே கற்ற நிலை. தலையின் இறகுமுடியை எடுத்துவிட்டால் அவனை உரோமாபுரித் தெருவொன்றிலே கொண்டுபோய் நிறுத்தலாம்.

இது கலைஞனின் தவறு என்று நாம் சொல்லவில்லை. இது அக்கால ஆளும் வகுப்பாரின் உள்ளம். பழங்குடியினன் வேண்டும், ஆனால் பழங்குடியினனைப் போல இருக்கக்கூடாது! இதற்கு வேறு சான்றும் உண்டு. இத்ஸ்கோவாத்ல், அவுயித்சோத்ல் என்னும் இரண்டு அஸ்டெக் வேந்தர்களுக்குச் சிற்பி அலெஹாந்திரோ கசாரின் பேருருவச் சிலைகளைச் செய்தார். அவை 1891இல் இதே ரிபோர்மா சாலையின் தொடக்கத்தில் வைக்கப்பட்டன. அவை உரோமரைப் போல இருக்கவில்லை. தடித்த உருவும் முரட்டு முகமுமாக நின்றன. பத்திரிகைகள் எள்ளி நகைத்தன. மேன்மக்கள் உலாவும் சாலைக்கு இவை அவமானம் என்றன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அவற்றைப் பெயர்த்து நகரின் ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெண்கலம் பச்சைக் களிம்பேறிப் 'பச்சை இந்தியர்' என்ற பட்டப்பெயரோடு இன்று வடக்கெல்லையில் நிற்கின்றன. சிலையாக நிற்கும் அரசனையே நாடுகடத்திய நகரம், மலையிலிருந்து இறங்கி வரும் கந்தைக் குடியானவனை எப்படி வரவேற்றிருக்கும் என்று நாம் விளக்கவும் வேண்டுமோ?

மறுப்புரைப்போருக்கு மறுமொழி

சிலர் நம்மை நோக்கிக் கேட்கலாம்: "அஸ்டெக் மன்னர்கள் மட்டும் உத்தமர்களோ? அயல்நாடுகளை அடக்கித் திறை வாங்கவில்லையா? நரபலி கொடுக்கவில்லையா?" உண்மைதான். அவர்கள் கொடுமை தாளாமலே த்லஸ்காலா மக்கள் கோர்ட்டெஸோடு சேர்ந்தார்கள். பல்லாயிரம் பழங்குடிப் படைவீரர் துணையின்றி ஒருசில நூறு ஸ்பானியர் அந்நகரை வென்றிருக்க முடியாது. இதை மறைப்பது சரித்திரத்துக்குத் துரோகம்.

ஆனால் அவ்வுண்மை நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. பீடத்திலே பொறித்த நான்கு பெயர்களும் தெனோச்தித்லானையும் அதன் அயல் நகரங்களையும் ஆண்டவர்களின் பெயர்கள். அங்கே மாயருக்கு இடமில்லை, சபோத்தேக்கருக்கு இடமில்லை, யாக்கிக்கு இடமே இல்லை. பற்பல இனங்களும் பற்பல மொழிகளும் வாழும் நாட்டிலே, தலைநகரில் இருந்து ஆண்ட ஒரு வமிசத்தை மட்டும் எல்லோர்க்கும் மூதாதை ஆக்கினால் இலாபம் யாருக்கு? தலைநகரில் இருந்து ஆள்வோருக்கே இலாபம். அன்று தெனோச்தித்லான் திறை வாங்கியது. இன்று மெக்சிக்கோ நகரம் வாங்குகிறது!

இன்னும் சிலர் கேட்பர்: "சிலையாவது இருக்கட்டுமே! அதுவும் இல்லாதிருந்தால் பழங்குடியினரின் நினைவே அழிந்திராதா?" இவ்வாதத்திலே ஓரளவு நியாயம் உண்டு. அச்சிலையின் பாதத்திலே பழங்குடி மக்களும் கூடுகிறார்கள், கோரிக்கை எழுப்புகிறார்கள். ஆளவந்தோர் ஒன்றை நினைத்து வைத்தாலும் மக்கள் அதை வேறொன்றாக மாற்றவல்லவர்கள். ஆயினும் சிலை நினைவைக் காப்பதோடு நிற்பதில்லை; கடனைத் தீர்த்துவிட்டோம் என்ற பொய்யான மனநிறைவையும் அது அரசுக்குக் கொடுக்கிறது. அந்த மனநிறைவையே நாம் எதிர்க்கிறோம்.

மொழிக்கு நேர்ந்த கதி

1910இல் புரட்சி வெடித்தது, டியாஸ் ஓடினார். புதிய ஆட்சியினர் குவாத்தேமொக்கை இன்னும் உயர்த்தினர். 1922இல் பிரேசில் நாட்டின் விடுதலை நூற்றாண்டுக்கு மெக்சிக்கோ அளித்த பரிசு என்ன? குவாத்தேமொக்கின் சிலையே! ரியோ டி ஜெனீரோவிலே அதை வழங்கிப் பேசியவர் கல்வியமைச்சர் ஹொசே வாஸ்கொன்செலோஸ். வெளிநாட்டிலே அஸ்டெக் மன்னனைக் காட்டி வந்தவர், உள்நாட்டுப் பாடசாலைகளிலே அம்மன்னனின் நாவாத்ல் மொழிக்கு இடங்கொடுத்தாரா? இல்லை. நாட்டை ஒன்றாக்க வேண்டுமானால் எல்லோரும் ஸ்பானியத்துக்கு மாறவேண்டும் என்பதே அக்காலக் கல்விக் கொள்கை. தாய்மொழியிற் பேசிய பிள்ளைகள் பள்ளியிலே தண்டனை பெற்றனர். அரசனின் சிலை கடல்வழி சென்றது. அரசனின் மொழி வகுப்பறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

விளைவைக் காணுங்கள். நாடு விடுதலை பெற்ற காலத்திலே மக்களிற் பெரும்பான்மையோர் பழங்குடியினர். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பழங்குடி மொழி பேசுவோர் 73 இலட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே. நாவாத்ல் பேசுவோர் 16 இலட்சத்துக்குச் சற்று மேல். 2003இலே சட்டம் இயற்றி, 68 பழங்குடி மொழிகளும் ஸ்பானியத்தோடு தேசிய மொழிகள் என்று ஏற்றார்கள். நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் சட்டப் புத்தகத்திலே ஏறிய மொழி, நீதிமன்றக் கூண்டிலும் வைத்தியசாலை வாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஏறியதா? தன் மீது சுமத்திய குற்றம் என்னவென்றே விளங்காமல், மொழிபெயர்ப்பாளன் இன்றிச் சிறைசென்ற பழங்குடியினர் அந்நாட்டிலே பலர். மொழியைத் தேசியம் என்று அறிவிக்க ஒரு கையெழுத்துப் போதும். அம்மொழியிலே நீதி வழங்கப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மனம் வேண்டும்.

எலும்பைத் தேடிய அரசு

மற்றுமொரு வேடிக்கையும் உண்டு. 1949இல் கெர்ரேரோ மாநிலத்து இச்கதெயோபான் என்ற ஊரின் கோவிலிலே குவாத்தேமொக்கின் எலும்புகள் கிடைத்துவிட்டன என்று எவுலாலியா குஸ்மான் என்னும் அறிஞர் அறிவித்தார். நாடே எழுந்தது. அரசு ஆய்வுக்குழு அமைத்தது. அவை மன்னனின் எலும்புகள் என்று நிறுவ முடியாது என்றது குழு. மனம் ஆறவில்லை; மறுபடியும் குழு. 1976இலும் ஒரு குழு, அதே முடிவு. ஊர்மக்களோ தம் நம்பிக்கையை விடாமல் இன்றும் வணங்கி வருகின்றனர். அவர்கள் அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு மன்னனின் எலும்புக்காக இத்தனை குழு அமைத்த அரசு, வாழும் குடிகளின் பறிபோன காணிக்காக அதே ஆர்வத்தோடு எத்தனை குழு அமைத்தது?

பெயர் மாறியது, பிழைப்பு மாறியதா?

இன்றைய நிலையையும் பார்ப்போம். அதே ரிபோர்மா சாலையில் 1877 முதல் நின்ற கொலம்பஸ் சிலையை 2020 ஒக்ரோபரிலே கழற்றி எடுத்தார்கள். அவ்விடத்திலே பழங்குடிப் பெண்ணின் சிலை வைப்போம் என்று நகர அரசு 2021இல் அறிவித்தது. செய்வதற்குத் தெரிந்தெடுத்தது யாரை? பழங்குடியினர் அல்லாத ஓர் ஆண் சிற்பியை! எந்தப் பழங்குடிப் பெண்ணையும் கேட்டார்களா என்று கலைஞரும் அறிஞரும் கண்டனம் எழுப்பவே, அரசு பின்வாங்கியது. அதற்குள், நீதி கேட்டுப் போராடிய பெண்கள் வெறும் பீடத்திலே தாமே ஏறித் தம் சின்னத்தை நாட்டிவிட்டார்கள். அனுமதி பெற்று வைத்த சிலைகள் நிறைந்த சாலையிலே, அனுமதி கேளாமல் வைத்த அச்சின்னமே உயிருள்ளதாக நமக்குப் பட்டது.

அதே 2021இல் நகரம் வீழ்ந்து ஐந்நூறு ஆண்டு நிறைவு. கோர்ட்டெஸின் தளபதி ஆல்வராதோவின் பெயர் தாங்கிய சாலைக்கு மெக்சிக்கோ-தெனோச்தித்லான் என்று பெயர் மாற்றினார்கள். ஸ்பானியர் தோற்றோடிய இரவைத் 'துயர இரவு' என்று வழங்கியதை 'வெற்றி இரவு' என்றார்கள். அவ்வாண்டிலேயே ஜனாதிபதி லோபெஸ் ஒப்ராதோர் மாயரிடமும் யாக்கி மக்களிடமும் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். கஹேமேயைக் கொன்ற அரசு நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவன் மக்கள்முன் தலைகுனிந்தது. இதனை நாம் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் மன்னிப்போடு கணக்கும் வரவேண்டும். யாக்கி மக்களுக்கு ஜனாதிபதி லாசரோ கார்டெனாஸ் ஆட்சியிலே (1934-1940) காணியும், அணைநீரிற் பாதி வரையும் உரிமையாக எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் நடந்தது என்ன? அவர்கள் ஆற்றுநீரை எர்மொசியோ நகருக்குக் கொண்டுசெல்லும் பெருங்குழாய் அமைந்தது. மக்களைக் கலந்து பேசாமல் செய்தது தவறு என்று உயர்நீதிமன்றம் 2013இலே தீர்ப்பளித்தும் நீர் ஓடிக்கொண்டேயிருந்தது. எதிர்த்துச் சாலை மறித்தோரின் தலைவர்கள் சிறைசென்றனர். அன்று தெனோச்தித்லானை வீழ்த்தவும் முதலில் நீர்க்காலைத்தானே உடைத்தார்கள்!

சப்பாத்தா இயக்கத்தார் 1994 ஜனவரி முதலாந் தேதி சியாபாஸ் மலைகளில் ஆயுதம் ஏந்தி எழுந்தபோது கேட்டது சிலையா? காணி, மொழி, தம்மைத் தாமே ஆளும் உரிமை. 1996இலே சான் அந்திரேஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2001இலே நிறைவேறிய அரசியற்சட்டத் திருத்தம் அவ்வுடன்படிக்கையைக் கத்தரித்த திருத்தம் என்று அவர்கள் ஒதுக்கித் தள்ளினர். 2024இலே மறுபடியும் திருத்தம். பழங்குடி மக்களைப் பொதுச்சட்டத்தின் உரிமையுடைய மக்கட்குழுக்களாக ஏற்றிருக்கிறார்கள். எழுத்து நன்று. அது காணியிலே இறங்குமா, ஆற்றிலே பாயுமா, பள்ளிக்கூடத்திலே ஒலிக்குமா என்பதே கேள்வி.

முடிவாக

குவாத்தேமொக்கின் சிலையை இடிக்கச் சொல்லவில்லை நாம். அது நிற்கட்டும், நிமிர்ந்தே நிற்கட்டும். அவன் எதற்காக நின்றானோ அதற்காக இன்று நிற்பவர்களுக்கு வழிவிடுக என்றே கேட்கிறோம். அவன் தன் மண்ணைக் கொடுக்க மறுத்தான். இன்று மண்ணைக் கொடுக்க மறுப்பவனைக் கலகக்காரன் என்னாதீர். அவன் நாவாத்ல் மொழியிலே ஆணையிட்டான்; அம்மொழி பேசுவோன் உங்கள் நீதிமன்றத்திலே ஊமையாக நிற்கும்படி விடாதீர். பொன்னுக்காக அவன் பாதங்களைச் சுட்டவர்களைப் பழித்தீர்கள்; நீருக்காகவும் நிலத்துக்காகவும் அவன் இனத்தாரின் அடிவயிற்றைச் சுடாதீர்.

இறந்தவனை மதிக்கும் அரசுக்கு அளவுகோல் ஒன்றே: அவன் உயிர்த்தெழுந்து பீடத்தை விட்டிறங்கி, ஒரு குடியானவனாக அரசாங்கக் கந்தோரின் வாசலுக்கு வந்தால் அவனை எப்படி நடத்துவார்கள்? உள்ளே அழைத்து, அவன் மொழியிலே குறைகேட்டு, அவன் காணியை அவனிடம் ஒப்படைப்பார்களா? அல்லது காவற்காரனை விட்டுத் துரத்துவார்களா? இக்கேள்விக்கு நேர்மையான மறுமொழி கிடைக்கும் நாளிலே அச்சிலைக்குச் சூட்டும் மாலை உண்மையான மாலையாகும். அதுவரை அது சவப்பெட்டியின்மேல் வைத்த மாலையே!